அத்தை இரண்டு பேர்!

எங்கள் தெரு முனையில் ஒரு பூக்கார அம்மாள் இருக்கிறார். மூங்கில் தட்டு, ஈரத் துணி, வாழை நார் ஆகிய மூன்றும் அவருடைய தாயார் காலத்துச் சொத்து. நான்காவதாகச் சில வருஷங்களுக்கு முன் ஒரு சாமான் வந்து சேர்ந்தது. கையகலமுள்ள ஒரு சிறு பெட்டி. அது பேசும். நான் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி வைத்த அட்டையின் எதிரே செல்போனைக் காட்டியதும், "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று ஊருக்கே அறிவிக்கும்.

என் அத்தை இதை முதல் தடவை கேட்டபோது சற்று நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, உன் பணம் பாங்கியில்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமாம், அத்தை."

"பூக்காரம்மா பணம்?"

"அது அவருடைய பாங்கிக்குப் போய்விட்டது."

"ஆக, இரண்டு பாங்கியும் கண் மூடித் திறப்பதற்குள் பேசி முடித்துவிட்டன. நான் நேரே போய் நின்றால் மட்டும் அதே பாங்கி ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது?"

அன்று நான் சிரித்துவிட்டு நடந்தேன். பிறகு நடந்த காரியங்கள் அவ்வளவாகச் சிரிக்கும்படி இல்லை.

அத்தைக்கு வயது எழுபத்தைந்து. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். வைத்தியச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டுவதில்லை என்பது அத்தையின் விரதம். மாமா காலமான பிறகு வந்த பணத்தை டிபாஸிட்டாகப் போட்டு, தவணை முடிய முடியப் புதுப்பித்து வந்தாள். இந்தத் தடவை தவணை முடியும் நாள் திங்கட்கிழமை. திங்களன்று பணம், வியாழனன்று ஆபரேஷன்! எல்லாம் பஞ்சாங்கம் பார்த்துப் பொருத்தியதுபோல் அமைந்துவிட்டது என்று அத்தைக்குப் பரம திருப்தி.

பத்தரை மணிக்குப் பாங்கிக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, "டோக்கன்" கொடுக்கும் இயந்திரம், புன்சிரிப்போடு நிற்கும் நட்சத்திரத்தின் விளம்பரப் படம் என்று எல்லாம் ஜோராக இருந்தன. எல்லா ஜன்னல்களிலும் ஒரே வார்த்தைதான் கேட்டது: "சிஸ்டம் டவுன்."

பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டம் எழுந்தது. எங்கள் முறையும் வந்தது. ஜன்னலில் இருந்த பையன் நல்ல பையன். பொறுமையாக எதை எதையோ தட்டிப் பார்த்தான். அப்புறம் சங்கடத்துடன் நிமிர்ந்து, "பாட்டி, டிபாஸிட் பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கில்தான் போட முடியும். ஆனால் அந்தச் சேமிப்புக் கணக்கு வேறு ஒருவருடையது என்று காட்டுகிறதே!" என்றான்.

"வேறு யாருடையது?"

"உங்கள் பேரேதான். ஆனால் நீங்கள் இல்லை."

விசாரித்ததில் சமாசாரம் தெரிந்தது. அத்தை சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தது 1972-ல். அப்போது கல்யாணம் ஆகவில்லை. தையல் வகுப்பு நடத்திச் சேர்த்த காசைப் போட்டு வைத்தாள். பெயருக்கு முன்னால் தகப்பனாரின் எழுத்தாகிய "கே" இருந்தது. 1974-ல் கல்யாணம். முன்னெழுத்து "எஸ்" ஆகிவிட்டது. டிபாஸிட்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் "எஸ்". சேமிப்புக் கணக்கு மட்டும் "கே". கம்ப்யூட்டரின் அபிப்பிராயப்படி இவர்கள் இரண்டு பெண்மணிகள். இரண்டு பேருக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண் கொடுத்து வைத்திருந்தது. "கே" அம்மாள் பல வருஷங்களாக ஆதார் காட்டவில்லை என்று அந்தக் கணக்கை நிறுத்தியும் வைத்திருந்தது.

"ஐம்பது வருஷமாக இதே கிளைக்கு வருகிறேன், தம்பி. இந்தக் கணக்கில் பணமும் எடுத்திருக்கிறேன்" என்றாள் அத்தை.

"நான் ஒத்துக்கொள்கிறேன், பாட்டி. சிஸ்டம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது."

வாசகிகளில் எத்தனை பேர் இந்த இடத்தில் தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு முன்னெழுத்து மாறுவது நம் ஊரில் புதிதா? ஊரும் உலகமும் சாதாரணமாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் குடியிருக்கிறார். அன்று மாலை அவரிடம் போய் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். அவர் காப்பியை ஆற்றியபடியே ஒரு சரித்திரத்தைச் சொன்னார்.

ஒரு காலத்தில் கணக்கெல்லாம் பேரேட்டில் இருந்தது. தலையணை மாதிரி கனமான புத்தகங்கள். யாருக்காவது முன்னெழுத்து மாறினால், குமாஸ்தா ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதி வைப்பார். அவ்வளவுதான், அடுத்து வரும் குமாஸ்தாவுக்கு அது போதும். 1984-ல், அப்போது ரிஸர்வ் பாங்கியின் துணை கவர்னராக இருந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, பாங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்த யோசனை சொன்னது. முதலில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி இயந்திரம் வந்தது. பிற்பாடு எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் "கோர் பாங்கிங்" ஏற்பாடு வந்தது. பேரேட்டிலிருந்து கிளை இயந்திரத்துக்கு, அங்கிருந்து மத்தியக் கம்ப்யூட்டருக்கு என்று இரண்டு தடவை வீடு மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பெயர் போயிற்று, தொகை போயிற்று, தேதி போயிற்று. சிவப்பு மைக்குறிப்பை வைப்பதற்கு மட்டும் புது வீட்டில் அலமாரியே இல்லை!

"இன்னொன்று கேளம்மா" என்றார் அவர். "உலகத்தில் பல பெரிய பாங்கிகளின் அடிவயிற்றில் இன்றைக்கும் வேலை செய்வது 'கோபால்' என்ற கம்ப்யூட்டர் பாஷை. 1959-ல் பிறந்தது. உன் அத்தையைவிட ஒன்பது வயதுதான் சின்னது."

இந்தப் பாஷைக்கு அடிப்படையாக அமைந்த முந்தைய பாஷை ஒன்றை உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி. எண்களும் குறிகளுமாக இருந்த கட்டளைகளைச் சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளில் எழுதலாம் என்று காட்டியவர் அவர். அந்த மாதரசி செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால், அந்த நாளைய கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் பகல் முழுவதும் நடந்த வரவு செலவுகளைக் கட்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ராத்திரியில் மொத்தமாகக் கணக்கில் ஏற்றுவதற்காக அமைக்கப்பட்டவை. ராத்திரி மாவரைத்து வைத்துவிட்டுக் காலையில் இட்லி வார்க்கும் குடும்பம் அது. இன்றைக்கோ நடுநிசியில்கூடக் கோடிக்கணக்கான பேர் வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு இப்போதே ஒரு தோசை!" என்கிறார்கள்.

அப்படிக் கேட்க வைத்தது எது? நம் பூக்காரம்மாவின் பெட்டிதான்.

ரிஸர்வ் பாங்கியும் இந்தியப் பாங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தன. அந்தக் கழகம் 2016-ல் கொண்டுவந்ததுதான் "யு.பி.ஐ." என்ற ஏற்பாடு. நீங்கள் செல்போனில் ரகசிய எண்ணை அழுத்தியதும் செய்தி கழகத்துக்குப் போகிறது. கழகம் உங்கள் பாங்கியிடம், "இவர் கணக்கில் முப்பது ரூபாய் கழித்துக்கொள்" என்கிறது. பூக்காரம்மாவின் பாங்கியிடம், "இவர் கணக்கில் முப்பது ரூபாய் சேர்த்துக்கொள்" என்கிறது. இரண்டும் "ஆகட்டும்" என்றபின் பெட்டி பேசுகிறது. 2025-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இப்படி நடந்த பட்டுவாடாக்கள் 2,000 கோடிக்கும் அதிகம்.

பாங்கிகளுக்கு இது எத்தனை பெரிய சவால் என்று பாருங்கள். 2019 டிசம்பர் வரையில், கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் "நெஃப்ட்" ஏற்பாடுகூட ராத்திரியில் தூங்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும். பிறகுதான் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கப் பழகிக்கொண்டது. தெருமுனைப் பெட்டி பாங்கிகளைத் தூங்க விடவில்லை!

இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "பாங்கியும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். ஆஸ்பத்திரிப் பணத்தை நான் செல்போனில் கட்டிவிடுகிறேன். டிபாஸிட் வந்ததும் எனக்குக் கொடுத்தால் போதும்" என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை அரை மனதாகச் சம்மதித்தாள். ஏற்கனவே ஒரு வருஷமாக, "பட்டன் போனை விட்டெறியுங்கள், காலத்தோடு ஓடுங்கள்" என்று நான் பிரசங்கம் செய்து வந்தவள். கண்ணில் புரையோடு சின்ன எழுத்துக்களை எப்படிப் படிப்பாள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. ஆஸ்பத்திரியில் முன்பணம் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். செல்போனைக் காட்டினேன். ரகசிய எண்ணை அழுத்தினேன். சக்கரம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. என் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டது என்று ஒரு செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்கள், வரும்" என்றேன். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. உள்ளிருந்து நர்ஸ் வந்து, "பணம் கட்டியாயிற்றா? டாக்டருக்கு அடுத்த கேஸ் இருக்கிறது" என்று கேட்டுவிட்டுப் போனாள். மாசக் கடைசி, இன்னொரு 18,000 என் கணக்கில் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால் அவர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக எனக்கு என்றும் இருந்ததில்லை.

அத்தை ஒரு கண்ணை மூடியபடியே தன் மஞ்சள் பையை எடுத்தாள். அதற்குள் ஒரு துணிப்பை. அதற்குள் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கள், முப்பத்தாறு. அரிசி வாசனை அடித்தது.

"அரிசி டிரம்மா, அத்தை?"

"2016-ல் நோட்டுச் செல்லாது என்றார்களே, அப்போது டிரம்மைக் காலி செய்தேன். அப்புறம் மெள்ள மெள்ள மறுபடி நிரம்பிற்று. திங்கட்கிழமை அந்தப் பையன் 'நீங்கள் இல்லை' என்று சொன்னபோதே நினைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று."

ஆபரேஷன் குறித்த நேரத்தில் நடந்தது. வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் யோசித்தேன். பூக்காரம்மாவின் பெட்டி பாங்கியைத் தோற்கடித்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்? அது சுத்தத் தப்பு. பெட்டி என்பது வாசலில் போட்ட புதுக் கோலம். பணம் இருப்பதும், கழிவதும், சேர்வதும் உள்ளே அந்தப் பழைய வீட்டில்தான். சமையலறையில் அடுப்பு அணைந்தால் வாசல் கோலம் யாருக்குச் சாப்பாடு போடும்? எந்தப் பாங்கியில் எத்தனை பட்டுவாடாக்கள் இப்படி நடுவழியில் நின்றன என்று அந்தக் கழகமே மாதாமாதம் பட்டியல் வெளியிடுகிறது.

என்னைப்போல் தவிக்கும் வாசகிகளுக்கு ஒரு செய்தி. 2019 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கி ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. யு.பி.ஐ. மூலம் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ செலுத்தி, நம் கணக்கில் கழிந்து, அங்கே சேராமற் போனால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்பி வர வேண்டும். தனி மனிதருக்கு அனுப்பிச் சேராமற் போனால் மறுநாளுக்குள் வர வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் பாங்கி நமக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். என் பணம் மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் அறை வாசலில் மூன்று நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த உத்தரவில் எழுதியிருக்க முடியாதுதானே?

"அப்படியானால் பாங்கிகள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?" என்று மாடி உத்தியோகஸ்தரைக் கேட்டேன்.

"குடியிருந்துகொண்டே இடிக்க வேண்டுமே, அம்மா!" என்றார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்ற பாங்கி 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாட்டிலிருந்து புதியதற்கு ஒரேயடியாக மாற்றியது. மறுநாளே குழப்பம். லட்சக்கணக்கான பேர் தங்கள் கணக்கைப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதும் சீராக மாதக்கணக்காயிற்று. 2022-ல் அந்நாட்டுக் கண்காணிப்பு அதிகாரிகள் சுமார் 4.86 கோடி பவுன் அபராதம் விதித்தார்கள். இதைப் பார்த்த மற்றப் பாங்கிகள், "ஒழுகினாலும் பழைய கூரையே தேவலை" என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒழுகும் கூரையின் கீழ் எத்தனை நாள் இருப்பது? நம் ரிஸர்வ் பாங்கி இந்த விஷயத்தில் கண்டிப்புக் காட்டியிருக்கிறது. அடிக்கடி சேவை தடைப்பட்டதற்காக 2020 டிசம்பரில் எச்.டி.எஃப்.சி. பாங்கியைப் பார்த்து, புதிய டிஜிடல் திட்டங்களும் புதிய கிரெடிட் கார்டுகளும் கூடாது என்று நிறுத்தி வைத்தது. தடை முழுவதும் நீங்கியது 2022 மார்ச்சில். 2024 ஏப்ரலில் கோட்டக் மஹிந்திரா பாங்கிக்கும், கம்ப்யூட்டர் ஏற்பாடுகளிலிருந்த குறைகளுக்காக இதே மாதிரி ஒரு தடை வந்து, 2025 பிப்ரவரியில் நீங்கிற்று. புது விருந்தாளிகளை அழைப்பதற்கு முன் சமையலறையைச் சரி செய்யுங்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

அடுத்த திங்கட்கிழமை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அத்தை மறுபடி பாங்கிக்குப் புறப்பட்டாள். எழுபது வயது கடந்தவர்களுக்கு வீடு தேடி வந்து பணிவிடை செய்ய வேண்டும் என்று 2017-லேயே ரிஸர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது என்று அதற்குள் தெரிந்துகொண்டேன், சொன்னேன். "என் பேரை நானே போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றாள் அத்தை.

இந்தத் தடவை எங்களை ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்தார். ரிட்டயராகச் சில மாதங்களே பாக்கி உள்ளவர் போலத் தோன்றியது. முழுக் கதையையும் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பாமல், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கால் மணி கழித்து, புடவையெல்லாம் தூசியாகத் திரும்பி வந்தார். கையில் பழுப்பேறிய ஓர் அட்டை. 1972-ல் அத்தை போட்ட கையெழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில், "விவாகத்திற்குப் பின் முன்னெழுத்து எஸ்" என்ற குறிப்பு. 1974-ம் வருஷத் தேதி. யாரோ ஒரு குமாஸ்தாவின் சுருக்கொப்பம்.

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தாள். புதுக் கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தது போலும். கண்ணில் நீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன செய்வது?

அந்த அதிகாரி அன்றே தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினார். இரண்டு நாளில் "கே" அம்மாளும் "எஸ்" அம்மாளும் ஒருவரானார்கள். டிபாஸிட் பணம் வந்தது. அரிசி டிரம்முக்குப் போக வேண்டியது அரிசி டிரம்முக்குப் போயிற்று.

பழையதெல்லாம் குப்பை, புதியதெல்லாம் பொன் என்று ஒரு வாரத்துக்கு முன்னால் நான் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. அந்தச் சிவப்பு மை பழையது. ஆனால் அத்தை யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பாங்கி தன் இயந்திரங்களை மாற்றத்தான் வேண்டும். நன்றாக, முழுதாக, சீக்கிரமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது ஓரத்தில் எழுதிய குறிப்புக்களையும் கையோடு எடுத்துப் போகட்டும். அந்த ஓரங்களில் அநேகமாகப் பெண்களாகிய நாம்தான் இருக்கிறோம்.

வரும் வழியில் பூக்காரம்மாவிடம் நின்றோம். சுவாமி படத்துக்கு ஒரு முழம் மல்லிகை. நான் செல்போனை எடுப்பதற்குள் அத்தை பர்ஸைத் திறந்து மூன்று பத்து ரூபாய் நோட்டுக்களை நீட்டிவிட்டாள். பெட்டி பேசாமல் இருந்தது. அத்தை அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதன் குரலிலேயே, தெருவெல்லாம் கேட்கும்படி, "முப்பது ரூபாய் பெறப்பட்டது!" என்றாள்.